எந்திரங்களை நெட்டில் இணைக்கும் முன்பும் பின்பும்: நெல்லைச் சீமை ஆலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரம் பக்கத்து நெல் ஆலை ஒன்றில் ஒரு ஃபிட்டர் அண்ணாச்சி இருக்கிறார். நெல்லை மேலே தூக்கிக் கொட்டும் எலிவேட்டரின் உச்சிக்கு ஏறி, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். அரை நிமிஷம்தான். இறங்கி வந்து, "இது இன்னும் பத்து நாள் தாங்கும்வே, அதுக்கு மேல போகாது" என்பார். அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

அவர் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு லீவு போட்ட வாரத்தில்தான் அந்த பேரிங் சிக்கிக்கொண்டு பெல்ட் அறுந்தது. அவித்த நெல் தொட்டியிலேயே ராத்திரி முழுக்கக் கிடந்து, விடியும்போது புளித்த வாடை அடித்தது. அந்த ஆலையின் கம்ப்யூட்டர், டேலி கணக்கு மென்பொருள், கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன் நான். காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அண்ணாச்சி காதுல கேக்கிறத ஒன் கம்ப்யூட்டர்ல கேக்க முடியாதா?" என்றார்.

முடியும். ஆனால் அதற்குள் இறங்கிய பிறகுதான், ஒரு பேரிங்கில் சென்சார் வைப்பது ஃபிட்டரின் வேலையையும், என் வேலையையும், கணக்கப்பிள்ளையின் வேலையையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிற காரியம் என்று புரிந்தது. எந்திரம் வாங்குகிறவர்கள் எந்திரத்தைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். கம்ப்யூட்டர் அறையில் என்ன மாறும், யார் எதற்குப் பொறுப்பு என்பதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். நெல் ஆலை, நூல் ஆலை, பேட்டை தொழிற்பேட்டையில் உள்ள லேத் பட்டறை என எதை நடத்துபவருக்கும் இது பொருந்தும்.

முதலில், இது என்ன சமாச்சாரம்

எந்திரம் தானாக ஓடுவது புதிது கிடையாது. இன்றைக்குப் பெரும்பாலான பேனல்களுக்குள் இருந்து எந்திரத்தை ஓட்டும் சின்ன கம்ப்யூட்டரான பி.எல்.சி., 1968–69இல் அமெரிக்காவில் கார் தொழிற்சாலையின் ரிலே பலகைகளுக்கு மாற்றாக வந்தது. எந்திரங்கள் பேசிக்கொள்ளும் மாட்பஸ் மொழிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, 1979இல் வந்தது. எந்திரங்களை நெட்டோடு இணைக்கும் இந்தச் சமாச்சாரத்துக்கு 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயர் மட்டும் 2011இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் பிறந்தது. பேனலுக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறைந்த எண்கள் இப்போது வெளியே வந்து, ஆபீசுக்கும் முதலாளியின் ஃபோனுக்கும் சில சமயம் எந்திரம் செய்த கம்பெனிக்கும் போகின்றன. புதிது இதுதான்.

நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணத்தை பஸ் ஜன்னலிலேயே பார்க்கலாம். வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை நிற்கும் காற்றாலைகள். ஒவ்வொன்றும் காற்றின் வேகம், திசை, கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு, ஜெனரேட்டரின் சூடு என்று ஓயாமல் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காற்று திரும்பினால் தானே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனி, ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு நாள் நின்றாலும் நஷ்டம். அதனால் அந்த எண்களைப் பார்த்து, கியர்பாக்ஸ் வேலையைக் காற்று இல்லாத மாதங்களிலேயே முடித்துவிடுவார்கள். பழுதாகும் தேதியை நமக்குத் தோதான தேதியாக மாற்றிக்கொள்வதே இந்தத் தொழில்நுட்பம் தரும் முதல் லாபம்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் 4.3 கிகாவாட் திறனில் டாடா பவரின் சோலார் செல், மாட்யூல் தொழிற்சாலை 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்த மாதிரி ஆலைகளில் எந்திரம் வந்து இறங்கும்போதே நெட்வொர்க்கோடு வரும். நம் கதை வேறு. நம்மிடம் இருப்பது உமி நீக்கும் முப்பது வருஷத்து ஹல்லரும், நிறம் மாறிய அரிசியைப் பிரிக்க போன வருஷம் வாங்கிய கலர் சார்ட்டரும், நடுவில் யாரோ ஒட்டுப்போட்ட பேனலும். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஆலைக்குத்தான்.

படி 1: எந்த நஷ்டத்தைப் பிடிக்கப் போகிறீர்கள்?

எந்திரம் விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு மாசம், எந்திரம் நின்ற ஒவ்வொரு முறையும் எப்போது நின்றது, எப்போது ஓடியது, ஏன் நின்றது என்று ஷிஃப்ட் மேஸ்திரி எழுதட்டும். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

மாசக் கடைசியில் அதை உட்கார்ந்து கூட்டுங்கள். மூன்று எண்களைப் பெருக்கினால் போதும். பத்து மணி நேர ஷிஃப்டில் எட்டு மணி நேரம் ஓடியது என்றால் 0.80. மணிக்கு 2 டன் அரைக்க வேண்டிய இடத்தில் 1.7 டன் அரைத்தால் 0.85. வந்த அரிசியில் 100 மூட்டைக்கு 5 மூட்டை திரும்பவும் பாலிஷுக்கோ சார்ட்டருக்கோ போனால் 0.95. மூன்றையும் பெருக்கினால் 0.646. அதாவது ஆலையின் முழுத் திறமையில் 65 சதவீதம்கூட கிடைக்கவில்லை. இந்த மூன்றில் எது ரொம்பக் குறைவோ அங்கேதான் முதல் சென்சார்.

எங்கள் ஆலையில் நோட்டு சொன்னது எங்களுக்கே ஆச்சரியம். பெரிய பழுதுகளில் போன நேரத்தைவிட, பத்து நிமிஷம் இருபது நிமிஷமாக நின்று நின்று ஓடியதில் போன நேரம் அதிகம். பெரிய பழுது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சின்ன நிறுத்தத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

படி 2: ஆலையைச் சுற்றி ஒரு நடை

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கம்ப்யூட்டர் பார்ப்பவரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து போக வேண்டும், தனித்தனியாகப் போனால் பயனில்லை. ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு பக்கம். மோட்டார் எத்தனை குதிரைத்திறன், பேனலில் பி.எல்.சி. இருக்கிறதா, அதில் எந்த வகை போர்ட், திரையில் ஓடுவது எந்த விண்டோஸ், பாஸ்வேர்ட் யாரிடம், புரோகிராமின் நகல் யாரிடம்.

கடைசி இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் கிடைக்காது. நாங்கள் டிரையர் பேனலைத் திறந்தபோது உள்ளே தவிட்டுத் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. வயர்களில் நம்பர் கிடையாது. கதவின் உள்பக்கம் ஒரு பிஸ்கட் அட்டைத் துண்டில் பால்பாயின்ட் பேனாவால் நாலு எண்கள் எழுதி ஒட்டியிருந்தது. அதுதான் பாஸ்வேர்ட். எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. புரோகிராமின் நகல் உலகத்தில் எங்குமே இல்லை, அந்த பி.எல்.சி.க்குள் மட்டும்தான் இருந்தது. அதன் பேட்டரி தீர்ந்தால் டிரையரே போச்சு.

அதனால், இணைப்பு வேலை எதையும் தொடங்கும் முன் எல்லா பி.எல்.சி.யின் புரோகிராமையும் நகல் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இந்த வழிகாட்டியில் இதை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டாலும் உங்களுக்கு லாபம்தான்.

பழைய விண்டோஸையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. எந்திரத்தோடு வந்த திரையை இஷ்டத்துக்குப் புதுப்பிக்க முடியாது, புதுப்பித்தால் எந்திர மென்பொருள் ஓடாமல் போகலாம். அது அப்படியே ஓடட்டும், ஆனால் அதைச் சுற்றி வேலி வேண்டும். வேலி பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 3: முதல் சென்சார் கரண்டுக்கு

எல்லோரும் முதலில் பேரிங் சென்சார் கேட்பார்கள். நான் எனர்ஜி மீட்டரில் தொடங்கச் சொல்வேன். விலை குறைவு, எந்திரத்தைத் தொட வேண்டியதில்லை, ஒரே எண்ணில் பல சங்கதிகள் தெரியும்.

நெல் உடைக்கும் ஷெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ரோல் தேயத் தேய இடைவெளி கூடும், மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ் மெல்லக் குறையும், உடையாத நெல் கூடும். அனுபவப்பட்ட ஆபரேட்டர் ஆம்ப் மீட்டரைப் பார்த்தே ரோலை நெருக்கிவிடுவார். அவர் செய்வதைத்தான் மீட்டர் எழுதி வைக்கிறது. எந்திரம் சும்மா சுற்றுகிறதா, சுமையோடு ஓடுகிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்பதெல்லாம் அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்திலேயே தெரியும்.

கரண்ட் பில்லும் இருக்கிறது. உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு, பதிவான டிமாண்ட் (அந்த மாசம் ஆலை இழுத்த உச்சச் சுமை) அல்லது ஒப்பந்த டிமாண்டில் (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட சுமை) 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். டிரையர் புளோவர், பாலிஷர், எலிவேட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் ஓடும் ஒரு அரைமணி நேரம் அந்த மாச பில்லையே தூக்கிவிடும். அந்த நேரம் எது என்று தெரிந்தால் ஒரு எந்திரத்தை முக்கால் மணி நேரம் தள்ளிப்போடலாம். பல ஆலைகளில் முதல் சென்சாரின் செலவைத் திருப்பித் தருவது இதுதான்.

வயரிங்கில் சில விஷயங்களைக் கறாராகப் பாருங்கள். இந்த மீட்டர்கள் ஆர்.எஸ்.485 என்ற இரண்டு வயர் கம்பியில் மாட்பஸ் பேசும். ஒரே கம்பியில் 32 மீட்டர்கள் வரை, 1,200 மீட்டர் தூரம் வரை போகலாம். மீட்டருக்கு மீட்டர் சங்கிலியாகப் போக வேண்டும், மரக்கிளை மாதிரிப் பிரியக் கூடாது. இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். முறுக்கிய, கவசம் போட்ட கேபிள்தான் வேண்டும், அதைப் பவர் கேபிளோடு ஒரே பைப்பில் இழுக்கவே கூடாது. எங்கள் ஆலையில் ஒரு தடவை இழுத்தார்கள். டிரையர் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் எண்கள் கன்னாபின்னாவென்று வந்தன. மென்பொருளில் கோளாறு என்று மூன்று நாள் நான் தேடினேன். கோளாறு பைப்பில் இருந்தது.

அப்புறம், கரண்டை அளக்க மெயின் கேபிளைச் சுற்றி மாட்டும் சி.டி. காயிலைத் தொடும்போது உயிர் விஷயம் ஒன்று உண்டு. மெயின் கேபிளில் கரண்ட் ஓடும்போது சி.டி.யின் வெளி வயர்களைத் திறந்து விடக் கூடாது, ஆபத்தான வோல்டேஜ் ஏறும். கம்ப்யூட்டர்க்காரர்கள் அந்த வேலையில் கை வைக்காமல் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இதற்குப் பிறகு அதிர்வு சென்சாரும் சூட்டு சென்சாரும். தூசி புகாத வகையாகப் பார்த்து வாங்கி, பேரிங்குக்கு நேரே கெட்டியான உலோகத்தில் பொருத்துங்கள். மெல்லிய தகரத்தில் ஒட்டினால் தகரத்தின் ஆட்டத்தைத்தான் அளக்கும். எங்கே பொருத்துவது என்பதை நான் ஃபிட்டர் அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் ஸ்குரூ டிரைவர் ஊன்றும் இடத்தைக் காட்டினார். பெயின்ட் தேய்ந்து பளபளவென்று ஒரு பொட்டு. அங்கேயே வைத்தோம்.

முதல் மூன்று வாரம் எச்சரிக்கை எதுவும் வைக்காதீர்கள். நல்லபடியாக ஓடும்போது எந்திரம் எப்படி அதிர்கிறது என்பதை மட்டும் சேர்த்து வையுங்கள். கார் அறுவடையோ பிசான அறுவடையோ நடந்து, ஆலை வாசலில் லாரி வரிசை நிற்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

படி 4: எண்கள் போகும் பாதை

மீட்டரும் சென்சாரும் சொல்வதை ஒரு கேட்வே பெட்டி வாங்கி, கம்ப்யூட்டருக்கோ, நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் வெளிக் கம்ப்யூட்டரான கிளவுடுக்கோ அனுப்பும். இங்கே எம்.க்யூ.டி.டி. என்ற முறை நமக்குத் தோதானது. 1999இல் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களின் அளவுகளை மெலிதான சாட்டிலைட் இணைப்பில் அனுப்புவதற்காகச் செய்தது அது. மழை பெய்தால் நெட் போகிற ஊருக்கு அந்தச் சிக்கனம் பொருந்தும். கேட்வே வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: நெட் இல்லாதபோது எண்களை உள்ளேயே எத்தனை நாள் சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்பும்? ஒரு நாள்கூடத் தாங்காது என்றால் வேண்டாம்.

எவ்வளவு எண்கள் வரும் என்று ஒரு கணக்கு. 20 மீட்டர், ஒவ்வொன்றிலும் 10 அளவு, 10 விநாடிக்கு ஒரு தடவை. ஒரு நாளைக்கு 17,28,000 எண்கள். வருஷத்துக்கு 63 கோடி. டேலி ஓடுகிற அதே கம்ப்யூட்டரில் இதையும் போட்டால் இரண்டும் படுத்துவிடும். பத்து விநாடி எண்களை ஒரு மாசம் வைத்துக்கொண்டு, பிறகு நிமிஷ சராசரியாகவும், பழையதை மணி சராசரியாகவும் சுருக்கிவிடுங்கள். கணக்கு அறையில் இதுவரை இல்லாத ஒரு வேலை இது. எதை எத்தனை நாள் வைப்பது என்று யாராவது ஒருவர் முடிவெடுத்து எழுதி வைத்தாக வேண்டும்.

பெயர் வைப்பதில் சோம்பல்படாதீர்கள். 'மோட்டார் 1', 'மோட்டார் 2' என்று விட்டால் ஆறு மாசத்தில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆலையில் வாயில் புழங்கும் பெயரையே வையுங்கள். எங்களிடம் 'கிழக்கு எலிவேட்டர் மேல் பேரிங் அதிர்வு' என்றே ஒரு பெயர் இருக்கிறது. நீளம்தான், ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிப்பவருக்குப் புரியும்.

கடிகாரத்தையும் பாருங்கள். டிரையர் பேனல் கடிகாரம் 14 நிமிஷம் முந்தியும் கேமரா 6 நிமிஷம் பிந்தியும் இருந்தால், எது முதலில் நின்றது என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆளுக்கு ஆள் பழி போடுவார்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேர சர்வரோடு இணையுங்கள். எங்கள் ஆலையில் எலக்ட்ரீஷியனுக்கும் ஆபரேட்டருக்கும் நடுவே ரொம்ப நாளாக இருந்த சண்டை, கடிகாரங்களைச் சரிசெய்த வாரத்தில் தீர்ந்தது.

படி 5: வேலி

இதில் நான் நிதானமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பட்டவன்.

நான் வேலை பார்த்த இன்னொரு ஆலையில், வெளியிலிருந்து வந்த ஒரு எந்திரத்துக்குள் 4ஜி ரவுட்டர் இருந்தது. ரிப்பேர் வந்தால் கம்பெனி ஆள் தன் ஊரிலிருந்தே பார்ப்பதற்காக வைத்தது. பாஸ்வேர்ட் தொழிற்சாலையில் போட்ட அதே பாஸ்வேர்ட். அந்த எந்திரத்தின் எண்கள் ஆபீசில் தெரிய வேண்டும் என்று ஒரு கேபிளை இழுத்து ஆபீஸ் ஸ்விட்சில் குத்தியவன் நான்தான். நாலு மாசம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் டேலி திறக்கவில்லை. கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, டாலரில் பணம் கேட்டு ஒரு கடிதம் திரையில் நின்றது. பேக்கப்? அதே கம்ப்யூட்டரில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்கில். அதுவும் பூட்டு. அந்த வருஷக் கணக்கை பில் புத்தகத்தைப் பார்த்துக் கையால் திரும்ப அடித்தோம்.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது சென்னை அருகே உள்ள ரெனோ–நிசான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலைகள் நின்றதற்குக் காரணம், வைரஸ் பரிசோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்த ஒரு புது எந்திரம்.

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் இருந்ததை 2019 அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்தோடு சேர்ந்த நிர்வாக நெட்வொர்க் வேறு, உள்ளே இருக்கும் முக்கிய நெட்வொர்க் வேறு, இரண்டுக்கும் தொடர்பில்லை, அதனால் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. வைரஸ் எங்கேயும் நுழையும். நுழைந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நாம்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

நம் அளவுக்கு இதைச் செய்வது இப்படி. எந்திரங்களுக்குத் தனி ஸ்விட்ச், தனி ஐ.பி. வரிசை. ஆபீசுக்குத் தனி. நடுவில், எதை விடுவது எதைத் தடுப்பது என்று பார்க்கும் ஒரு ஃபயர்வால். எந்திரப் பக்கத்திலிருந்து எண்கள் வெளியே போகலாம், ஆபீஸ் பக்கத்திலிருந்து எந்திரத்துக்கு எதுவும் உள்ளே வரக் கூடாது. கேமராக்களையும் விருந்தினர் வைஃபையையும் இந்த இரண்டிலும் சேர்க்காமல் மூன்றாவதாக வையுங்கள். கம்பெனி ஆள் வெளியிலிருந்து பார்க்க வேண்டுமா? கேட்கும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள், யார் எப்போது வந்தார் என்று பதிவும் இருக்கட்டும். பென்டிரைவ் என்றால் முதலில் ஒரு தனி கம்ப்யூட்டரில் சோதித்த பிறகுதான் பேனலுக்குப் போக வேண்டும். பேக்கப்பில் ஒரு பிரதியாவது எந்தக் கம்பியிலும் செருகாமல் பீரோவில் இருக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி, இந்த மாதிரித் தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எங்கள் திங்கட்கிழமை மாதிரி ஒரு நாளில் ஆறு மணி நேரம் எப்படிப் போகிறது என்றே தெரியாது. யார் தகவல் சொல்வது என்று இப்போதே ஒரு பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 6: கம்ப்யூட்டர் அறையில் என்ன மாறும்

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அப்டேட் வந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரீஸ்டார்ட் செய்வோம். நெல் அவிந்துகொண்டிருக்கும்போது எந்திரத் திரையை ரீஸ்டார்ட் செய்ய முடியுமா? அப்டேட்டை எப்போது போடுவது என்பதை இனி புரொடக்‌ஷன் மேஸ்திரியிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரை ஐந்து வருஷத்தில் மாற்றுவோம், எந்திரம் இருபத்தைந்து வருஷம் ஓடும். இந்த இரண்டு வேகமும் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். புதிதாக எடுக்க வசதியில்லை என்றால், பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த எலக்ட்ரீஷியனுக்கு நெட்வொர்க் கற்றுக்கொடுங்கள். என் அனுபவத்தில், கம்ப்யூட்டர் படித்தவருக்கு பேனலைக் கற்றுக்கொடுப்பதைவிட அது சீக்கிரம் நடக்கும்.

செலவின் முகமும் மாறும். எந்திரம் ஒரு தடவை வாங்குவது, கிளவுட் மாசாமாசம் கட்டுவது. கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் கேளுங்கள்: எண்கள் யாருக்குச் சொந்தம்? சந்தாவை நிறுத்தினால் எந்திரம் ஓடுமா? பழைய எண்களை முழுசாகத் தருவீர்களா, எந்த வடிவத்தில்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய பலன் கணக்கோடு சேர்க்கும்போது வருகிறது. அரசு அரவைக் கணக்கில் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ. லாரி எடைமேடையில் நெல் எடை, பேக்கிங்கில் அரிசி எடை, தவிடு, குருணை எல்லாம் லாட் வாரியாக ஒரே இடத்தில் சேர்ந்தால், எந்த லாட்டில் 68 வந்தது, எதில் 65தான் வந்தது என்று அன்றைக்கே தெரியும். ஈரம் 14 சதவீதத்துக்கு வராமல் அரைத்த லாட்டா, ரோல் தேய்ந்த நாளா என்று அந்த நாளின் கோடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முன்பெல்லாம் மாசக் கடைசியில் ஸ்டாக் எடுத்து, குறைந்ததற்கு ஆளாளுக்குக் காரணம் சொல்வோம். ஆனால் எந்திர எண்கள் டேலிக்கு நேராக எழுத வேண்டாம். நடுவில் ஒரு தாள் இருக்கட்டும், கணக்கப்பிள்ளை பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு ஏறட்டும்.

படி 7: ஆட்கள்

எங்கள் ஆலையில் முதலில் எச்சரிக்கை வரம்பை ரொம்ப நெருக்கி வைத்துவிட்டேன். ஒரே ராத்திரியில் ஃபோன் நிற்காமல் அடித்தது. மறுநாள் ஷிஃப்டில் எல்லோரும் அதை சைலண்டில் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறகு மூன்றே வகை வைத்தோம்: உடனே ஓடு, இந்த ஷிஃப்டுக்குள் பார், ஞாயிற்றுக்கிழமை பார். முதல் வகைக்கு மட்டும்தான் ஃபோன் அடிக்கும். எல்லாமே தமிழில். 'ஓவர் திரெஷோல்டு' என்று வந்தால் யாரும் ஏணியில் ஏற மாட்டார்கள், 'பேரிங் சூடு ஏறுது' என்று வந்தால் ஏறுவார்கள்.

இன்னொன்றை முதலாளிகளிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்த எண்களை வைத்து ஆளைத் திட்டாதீர்கள், சம்பளம் பிடிக்காதீர்கள். ஒரு தடவை பிடித்தால் போதும், அதற்கப்புறம் சென்சார் மேல் சாக்குத் துணி விழும், கம்பி 'எலி கடித்து' அறுபடும்.

படி 8: இடி, மழை, வெள்ளம்

ஐப்பசி, கார்த்திகை இடியில் ஆலை ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு வெறும் செப்புக் கம்பி இழுத்திருந்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து கருகும். கட்டிடத்துக்குக் கட்டிடம் போகும் இணைப்பை ஃபைபரில் போடுங்கள். பேனலில் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர், ஒழுங்கான எர்த். எர்த் குழியை வருஷம் ஒரு தடவையாவது அளந்து பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. சர்வரைத் தரையில், மேஜைக்கு அடியில் வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் போனது. கேட்வேயையும் சர்வரையும் மாடியிலோ, குறைந்தது ஆள் உயரத்துக்கு மேலோ வையுங்கள். பேக்கப்பின் ஒரு பிரதி ஆற்றங்கரையை விட்டு வேறு ஊரில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பேக்கப்பிலிருந்து உண்மையாகவே திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 9: அடுத்த எந்திரம்

முதல் எந்திரம் ஒரு அறுவடைக் காலம் முழுக்க ஓடி, நோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, நின்ற நேரம் குறைந்தது தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். பாய்லரை மட்டும் கடைசியில் வையுங்கள். அதன் அழுத்தத்தையும் தண்ணீர் மட்டத்தையும் திரையில் காட்டலாம், பதிவு செய்யலாம். பாதுகாப்பு வால்வையும் தண்ணீர் குறைந்தால் அணைக்கும் அமைப்பையும் நெட்வொர்க்கை நம்பி விடவே கூடாது, அவை தனியாக, யார் தயவும் இல்லாமல் வேலை செய்ய வேண்டும்.

போன மாசம் 'கிழக்கு எலிவேட்டர் மேல் பேரிங்' கோடு நாலைந்து நாளாக மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை பார்' வகை எச்சரிக்கை. அண்ணாச்சி ஃபோனைப் பார்த்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஏறினார். இறங்கி வந்தவர், "பேரிங் இல்லவே, புள்ளி தளர்ந்திருக்கு, பேரிங்க மாத்துனா வேஸ்ட்டுல்லா" என்றார். புல்லியைத்தான் அவர் புள்ளி என்பார். போல்ட்டை இறுக்கினார், கோடு இறங்கியது. அந்தத் தேதிக்கு எதிரே உள்ள குறிப்புக் கட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே தட்டி வைத்திருக்கிறேன், அடுத்த தடவை கோடு இதே மாதிரி ஏறினால் முதலில் எதைப் பார்ப்பது என்று தெரிய.